ஐம்பத்தொரு நாள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் ‘பணியிடத் தலைவர்களுக்கான உளவியலும் சுயமேலாண்மையும்’ என்று போட்டிருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் பேசுவதற்கென்றே ஊர் ஊராகப் போகிறவர்கள் உண்டு. விடியற்காலை எழுந்திருங்கள், மூச்சைக் கவனியுங்கள், கோபம் வந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள் என்பார்கள். தவறொன்றும் இல்லை, மதியச் சாப்பாடு வரைக்கும் தாங்கும். மனவுறுதி என்பது பேட்டரி மாதிரி, பயன்படுத்தப் பயன்படுத்தத் தீர்ந்துவிடும் என்றும் சிலர் சொல்கிறார்கள். 1998இல் ஓர் ஆய்விலிருந்து கிளம்பிய கருத்து அது. 2016இல் 23 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து திரும்பச் செய்து பார்த்தபோது சொல்லும்படியான விளைவு எதுவும் கிடைக்கவில்லை. இருந்தாலும் பயிற்சி வகுப்புகளில் அந்தப் படம் இன்னும் திரையில் ஓடுகிறது. நான் உளவியல் சொல்லிக்கொடுக்கிறவன். நெய்வேலியில், வளையமாதேவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அந்தப் படத்தை உங்களுக்குப் போட்டுக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. இந்த ஊரில் நடந்ததை வைத்தே பேசுகிறேன்.

2023 ஜூலை 26, புதன்கிழமை. சேத்தியாத்தோப்புப் பக்கம் மேல்வளையமாதேவியில் பச்சை வயலுக்குள் பொக்லைன்கள் இறங்கின. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் இரண்டாம் சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடும் வாய்க்கால் வெட்டும் வேலை. சுற்றிலும் போலீஸ். நடவு முடிந்து வளர்ந்து நின்ற நெற்பயிர் மண்ணோடு மண்ணாகப் புரண்டதைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. இரண்டு நாள் கழித்து, 28ஆம் தேதி, நெய்வேலியில் பாமக நடத்திய முற்றுகை கல்வீச்சிலும் தடியடியிலும் முடிந்தது. அதே வாரத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பணி நிரந்தரம் கேட்டு வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். அது தொடர்பான வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றத்தில் விசாரித்துக்கொண்டிருந்த நீதிபதி தண்டபாணி, வழக்கில் இல்லாத வயலைப் பற்றித் தாமாகவே பேசினார். இரண்டு மாதம் பொறுக்க முடியாதா என்று கேட்டார். வாடிய பயிரைக் கண்டு வாடிய வள்ளலாரை நினைவுபடுத்தினார். வடலூர் இங்கிருந்து கூப்பிடு தூரம்தான். அந்த ஆண்டு வள்ளலார் பிறந்து இருநூறாவது ஆண்டு.

பயிர் தொடர்பாகத் தொடுக்கப்பட்ட வழக்கில் ஆகஸ்ட் தொடக்கத்தில் உத்தரவு வந்தது. சேதமான பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்க வேண்டும்; நின்றுகொண்டிருக்கும் பயிரைச் செப்டம்பர் 15க்குள் அறுவடை செய்துகொண்டு விவசாயிகள் நிலத்தை ஒப்படைக்க வேண்டும். ஜூலை 26இலிருந்து செப்டம்பர் 15 வரை எண்ணிப் பாருங்கள், ஐம்பத்தொரு நாள். என் தலைப்பு அதுதான்.

நிறுவனத்தின் தரப்பையும் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் நான் பேசுவது உளவியலாக இருக்காது, மேடைப் பேச்சாகிவிடும். அந்த நிலங்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே, 2006க்கும் 2013க்கும் இடையில், கையகப்படுத்தப்பட்டவை. சட்டப்படி நிறுவனத்தின் பெயருக்கு மாறியவை. பயிர் வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததாக நிறுவனமும் அரசும் சொன்னார்கள். வாய்க்காலின் மொத்த நீளம் 12 கிலோமீட்டர், அதில் பத்தரை முடிந்துவிட்டது, பாக்கி ஒன்றரைதான் என்றும் கணக்குக் காட்டினார்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். கடலூர் மாவட்டத்து மழையை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்தால் பழுப்பு நிலக்கரி நிற்கும், மின்சாரம் நிற்கும். பொறியாளரின் தலைக்கு மேல் ஒரு நாள்காட்டி தொங்கிக்கொண்டிருந்தது என்பது உண்மை. அவசரம் போலியானது என்று நான் சொல்ல வரவில்லை.

அப்படியானால் மனம் எங்கே சறுக்கியது?

முதல் சறுக்கல் உரிமையில். ‘சட்டம் நம் பக்கம் இருக்கிறது’ என்று தெரிந்த கணத்தில் மனத்துக்கு ஒரு நிம்மதி வருகிறது. அந்த நிம்மதியைத்தான் நான் சந்தேகிக்கிறேன். ‘செய்யலாமா’ என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. ‘எப்போது செய்வது, யார் போய்ச் சொல்வது, என்ன நிலையில் இருக்கும்போது செய்வது’ என்ற கேள்விகள் அதோடு சேர்த்து மூட்டை கட்டப்பட்டுவிடுகின்றன. ஆணை கையில் இருக்கும் எந்த மேலாளருக்கும் இது நடக்கும். ஒரு மேலாளருக்கு ஓர் ஊழியரை இடமாற்ற அதிகாரம் இருக்கிறது, உத்தரவு போட்டார். அந்த ஊழியரின் மகள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியும். தேர்வு முடிய மூன்று வாரம். அதிகாரம் இருந்ததால் அந்த மூன்று வாரம் அவர் கண்ணில் படவில்லை.

இரண்டாவது, அந்த ஒன்றரைக் கிலோமீட்டர். கிளார்க் ஹல் என்ற உளவியலாளர் 1930களில் எலிகளை வைத்து ஒன்றைக் காட்டினார். இரை இருக்கும் முனை நெருங்க நெருங்க எலியின் ஓட்டம் கூடுகிறது. பிறகு மனிதர்களிடமும் அதையே பார்த்தார்கள். தொடக்கத்தில் நிதானமாக இருக்கும் திட்டம் கடைசிக் கட்டத்தில் வெறி பிடித்தாற்போல் ஓடும். இதோடு இன்னொன்றும் சேர்கிறது. பேரி ஸ்டா என்பவர் 1976இல் காட்டியது: ஏற்கெனவே பணத்தையும் பெயரையும் கொட்டிய வேலையில், அறிகுறிகள் மோசமாக இருக்கும்போதே தலைவர்கள் இன்னும் கூடுதலாகக் கொட்டுகிறார்கள், அதுவும் முதல் முடிவை எடுத்தவர் தாமே என்றால் மேலும் அதிகமாகக் கொட்டுகிறார்கள். பத்தரை கிலோமீட்டர் முடித்தவனுக்குப் பாக்கி ஒன்றரை வயலாகத் தெரியாது, பாக்கியாகத்தான் தெரியும். அதில் நெல் இருந்தாலும், வீடு இருந்தாலும், கோயில் இருந்தாலும் அவன் கண்ணுக்கு ‘பேலன்ஸ் ஒர்க்’தான்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். நெய்வேலிக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது என்று தொடங்கும் கதை. நிறுவனம் 1956 நவம்பர் 14இல் பதிவானது. 1957 மே 20இல் நேரு வந்து தோண்டும் வேலையைத் தொடங்கிவைத்தார். ஆனால் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில்தான். நான்கு ஆண்டுக்கு மேல் தோண்டியும் கரியைக் காணோம். மேலே கிடந்தது கடலூர் மணற்பாறை. ஜெர்மனியிலிருந்து வந்த பக்கெட் வீல் இயந்திரத்தின் பற்களையே தேய்த்துத் தள்ளியது. அதைவிடப் பெரிய எமன் அடியில் இருந்தான். கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு அடைபட்டிருந்த ஊற்று நீர். மேல்மண்ணை எடுத்துவிட்டால் சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு வரக்கூடிய தண்ணீர். அதற்கு அவர்கள் கண்ட வழி எளிமையானது, பொறுமை தேவைப்பட்டது: முதலில் சுற்றிலும் குழாய்க் கிணறுகளைப் போட்டு, இரவும் பகலும் நிறுத்தாமல் இறைத்து, அழுத்தத்தை இறக்கிவிட்டுத்தான் தோண்டுவது. முதல் நிர்வாக இயக்குநர் டி.எம்.எஸ். மணி ஐ.சி.எஸ். காலத்திலிருந்து இன்றைக்கு வரை அந்த பம்புகள் நின்றதில்லை. அந்தத் தண்ணீரில் ஒரு பங்குதான் வாலாஜா ஏரிக்குப் போகிறது, வயலுக்குப் போகிறது.

அழுத்தத்தை முதலில் இறக்கு, பிறகு தோண்டு என்பது இந்த நிறுவனத்தின் ரத்தத்தில் ஊறிய பாடம். தண்ணீரிடமும் பாறையிடமும் காட்டிய அந்தப் பொறுமையை மனிதர்களிடம் காட்ட ஏன் முடியவில்லை என்பதுதான் என் கேள்வி. பொறுமை இல்லாதவர்கள் என்று யாரையும் சொல்ல முடியாது. பொறுமையை எங்கே செலவழிப்பது என்று தீர்மானித்திருந்தார்கள். இயந்திரம் பழுதானால் ஜெர்மனியிலிருந்து உதிரிபாகம் வரும்வரை காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பு அட்டவணையில் இருக்கிறது. நெல் முற்றுவதற்குக் காத்திருப்பது அட்டவணையில் இல்லை. சுயமேலாண்மை என்று நான் சொல்வது இந்த இடத்தைத்தான். தன் கோபத்தை அடக்குவது அதில் சிறு பகுதி. தன் பொறுமை யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று பார்த்துக்கொள்வது பெரிய பகுதி.

திருக்குறளில் பொருட்பாலைப் புரட்டுங்கள். தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று வரிசையாக அதிகாரங்கள். வலிமை இருக்கிறதா என்று பார்த்ததும் வள்ளுவர் ஆளை விட்டுவிடவில்லை. அடுத்து காலத்தைப் பார் என்று தனியாகப் பத்துக் குறள் வைத்திருக்கிறார். நம் மேலாண்மைப் பள்ளிகளில் முன்னதற்கு இரண்டு பருவம் ஒதுக்குகிறார்கள். பின்னதை ‘டைம் மேனேஜ்மென்ட்’ என்று சொல்லி டைரி எழுதுவதாகச் சுருக்கிவிட்டார்கள்.

சரி, காத்திருக்க முடியாத வேலையும் இருக்கிறது. கொடுக்க வேண்டிய கெட்ட செய்தியைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும். அப்போது தலைவர் என்ன செய்வது? இதற்கு எனக்குப் பிடித்த ஆய்வு ஜெரால்ட் கிரீன்பெர்க் 1990இல் வெளியிட்டது. அமெரிக்காவில் ஒரே கம்பெனியின் மூன்று தொழிற்சாலைகள். வேலை குறைந்ததால் இரண்டு தொழிற்சாலைகளில் பத்து வாரத்துக்குச் சம்பளத்தில் 15 சதவீதம் வெட்டு. ஒன்றில் நிறுவனத் தலைவரே வந்தார். ஒன்றரை மணி நேரம் பேசினார். கணக்கை விரித்துக் காட்டினார், வேறு என்னென்ன வழி யோசித்தோம் என்று சொன்னார், வருத்தம் தெரிவித்தார், கடைசிக் கேள்விவரை பதில் சொன்னார். இன்னொன்றில் பதினைந்து நிமிடம். சம்பளம் இவ்வளவு குறையும், இத்தனை வாரத்துக்கு என்று அறிவித்துவிட்டுப் போய்விட்டார்கள். மூன்றாவதில் வெட்டே இல்லை.

கிரீன்பெர்க் அளந்தது என்ன தெரியுமா? ஸ்டோரிலிருந்து காணாமல்போகும் பொருள்களை. சம்பளம் வெட்டிய இரண்டிலும் திருட்டு கூடியது. ஆனால் பதினைந்து நிமிடத் தொழிற்சாலையில் கூடிய அளவு ஒன்றரை மணி நேரத் தொழிற்சாலையைவிட மிக அதிகம். சம்பளம் பழையபடி வந்ததும் திருட்டும் பழைய அளவுக்கு இறங்கிவிட்டது. வெட்டு ஒன்றுதான், 15 சதவீதம். வேறுபட்டது எழுபத்தைந்து நிமிடம். இதைச் சொன்னால் சில அதிகாரிகள், ‘சார், அதான் நாங்களும் பத்திரிகைக் குறிப்பு விட்டோமே’ என்கிறார்கள். பத்திரிகைக் குறிப்பு பதினைந்து நிமிடக் கூட்டத்தைவிடவும் குறைவு. அதில் கேள்வி கேட்க ஆள் இல்லை.

நிலம் எடுப்பு பற்றிய கூட்டங்களுக்கு நீங்கள் போயிருப்பீர்கள். மேடையில் ஒரு வரிசை அதிகாரிகள், மேசை மேல் தண்ணீர் பாட்டில், பெயர்ப் பலகை. கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒரு பெரியவர் மைக்கைப் பிடிக்கிறார். முதல் பத்து நிமிடம் அவர் இழப்பீடு என்ற சொல்லையே எடுக்க மாட்டார். கிணறு வெட்டிய வருஷத்தைச் சொல்வார். எந்த மாட்டை விற்று மோட்டார் வாங்கினார் என்பதைச் சொல்வார். மூத்த மகள் கல்யாணத்துக்கு அந்த வயலை அடகு வைத்ததையும் மீட்டதையும் சொல்வார். மேடையில் இருப்பவருக்குப் பொறுமை போகும். ஆனால் முகத்தில் காட்டக் கூடாது, பயிற்சி அப்படி. கல் மாதிரி உட்கார்ந்திருப்பார். அடுத்த முறை மகன் பேச எழுந்து, ‘எங்கப்பா அன்னைக்கு என்ன சொன்னாருன்னு ஞாபகம் இருக்காங்கய்யா?’ என்று கேட்டால் அதிகாரிக்கு உண்மையாகவே ஞாபகம் இருக்காது.

அதற்குக் காரணம் அலட்சியம் மட்டும் இல்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் கிராஸ் இதைப் பல சோதனைகளில் பார்த்திருக்கிறார். உணர்ச்சியை முகத்தில் காட்டாமல் அமுக்கச் சொன்னால் வெளியே முகம் அமைதியாகிறது, உள்ளே உடலின் கொதிப்பு குறைவதில்லை, சிலவற்றில் கூடுகிறது. 2000இல் ஜேன் ரிச்சர்ட்ஸோடு சேர்ந்து இன்னொன்றும் காட்டினார்: அப்படி அமுக்கிக்கொண்டு இருப்பவர்களுக்கு அந்த நேரத்தில் எதிரே சொல்லப்பட்டது சரியாக நினைவில் தங்குவதில்லை. முகத்தைக் காவல் காக்கவே கவனத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. கிராஸ் சொல்லும் மாற்று வழி, நடப்பதை வேறு விதமாக எடுத்துக்கொள்வது. ‘இந்த ஆள் என் நேரத்தை வீணாக்குகிறார்’ என்று எடுத்துக்கொண்டால் அமுக்க வேண்டியிருக்கும். ‘இவர் எனக்குச் சொத்து விவரம் சொல்கிறார், எந்தப் பதிவேட்டிலும் இல்லாத விவரம்’ என்று எடுத்துக்கொண்டால் அமுக்க எதுவுமே இருக்காது. அப்படி எடுத்துக்கொள்ளும்போது நினைவு கெடுவதில்லை என்பதும் அதே ஆய்வில் வந்தது. குறிப்பேட்டை எடுத்து மாட்டின் விஷயத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். அதைக் கேட்பதும் இங்கே தலைமையின் வேலைதான். பாட்னாவைச் சேர்ந்த உளவியலாளர் ஜெய் சின்ஹா 1980இல் நம் நாட்டுத் தலைமையைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். வேலையைக் கறாராக வாங்குகிறவராகவும் வேண்டும், வீட்டு விஷயம் கேட்கிறவராகவும் வேண்டும் என்பதுதான் இங்கே கீழே இருப்பவர்களின் எதிர்பார்ப்பு என்றார். உங்கள் ஃபோர்மேனை ‘அண்ணே’ என்று கூப்பிடுகிற ஹெல்பர் அதை ஆய்வு இல்லாமலே அறிந்தவர்.

வயலை விட்டு இப்போது பாய்லருக்கு வருகிறேன். 2020 மே 7. நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தின் ஆறாவது யூனிட்டில் பாய்லர் வெடித்துத் தொழிலாளர்கள் தீக்காயப்பட்டார்கள், உயிர்கள் போயின. எட்டு வாரம்கூட ஆகவில்லை. ஜூலை 1 காலை, பக்கத்து ஐந்தாவது யூனிட்டில் மறுபடி விபத்து. அன்றைக்கே ஆறு பேர் இறந்தார்கள். அடுத்த நாட்களில் மருத்துவமனையில் எண்ணிக்கை பத்தைத் தாண்டியது. நின்றிருந்த யூனிட்டைத் திரும்ப ஓட்டுவதற்கான வேலை நடந்துகொண்டிருந்த நேரம் அது. தொழில்நுட்பக் காரணங்களை விசாரணைக் குழுக்கள் பார்த்தன. அதற்குள் நான் போகவில்லை, எனக்கு அந்தத் தகுதியும் இல்லை. இந்த அரங்கில் இறந்தவர்களோடு வேலை செய்தவர்கள் இருப்பீர்கள். பொதுவாக ஒன்றை மட்டும் கேட்கிறேன். மே மாதத்துக்கும் ஜூலைக்கும் நடுவே எந்த ஆலையிலாவது, எந்தத் தொழிலாளிக்காவது ஒரு சந்தேகம் வந்திருந்தால், அதை அவர் யாரிடம் சொல்லியிருப்பார்? சொல்லியிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும்?

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராயப் போனார். நல்ல தலைமை உள்ள வார்டில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். புள்ளிவிவரம் தலைகீழாக வந்தது. நல்ல தலைமை உள்ள வார்டில்தான் தவறுகள் அதிகம். தோண்டிப் பார்த்தபோது விஷயம் விளங்கியது: அங்கே தவறு அதிகம் நடக்கவில்லை, அதிகம் சொல்லப்பட்டது. மற்ற வார்டுகளில் நர்ஸ்கள் வாயைத் திறக்கவில்லை. 1999இல் அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் ‘உளவியல் பாதுகாப்பு’ என்ற சொல் உலகமெங்கும் பரவியது.

இதை நம் ஆலைகளில் வைத்துப் பாருங்கள். நூலிழையில் தப்பிய சம்பவங்களை எழுதுவதற்கு ‘நியர் மிஸ்’ பதிவேடு இருக்கும். மாதாந்திரக் கூட்டத்தில் ‘இந்த மாதம் நில்’, அதாவது ஒன்றும் இல்லை, என்று வாசிப்பார்கள், எல்லோர் முகத்திலும் திருப்தி. எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் பயம் வரும். ஆயிரக்கணக்கான பேர் கன்வேயருக்கும் கொதிகலனுக்கும் நடுவே நடமாடும் இடத்தில் ஒரு மாதம் முழுக்கக் கால் தவறவில்லை, பெர்மிட் மாறவில்லை, வால்வு தவறித் திறக்கவில்லை என்றால் அது கடவுள் செயல். எழுதப்படவில்லை என்பதுதான் நடந்திருக்கும். ஒப்பந்தத் தொழிலாளி ஏன் எழுதுவார்? எழுதினால் அடுத்த மாதம் கேட் பாஸ் புதுப்பிக்கப்படுமா என்ற கேள்வி அவருக்கு இருக்கிறது. நிரந்தரத் தொழிலாளிக்கு வாயில் ஒரு பூட்டு என்றால் இவருக்கு இரண்டு.

வாய் திறந்தால் மட்டும் போதாது. 1986 ஜனவரி 27 இரவு சேலஞ்சர் விண்கலத்தைப் பற்றி நடந்த தொலைபேசி ஆலோசனையில் பொறியாளர்கள் குளிரில் ஏவ வேண்டாம் என்றார்கள். அந்தப் பொறியாளர்களின் நிறுவனத்து உயரதிகாரி ஒருவர் பொறியியல் பிரிவின் துணைத் தலைவரிடம், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகத் தொப்பியைப் போட்டுக்கொள் என்றார். அவர் மாற்றிப் போட்டுக்கொண்டார். மறுநாள் காலை, விண்கலத்தை ஏவிய 73ஆவது விநாடியில் ஏழு பேர் போனார்கள். அங்கே பேச வாய் இருந்தது, கேட்கக் காது இல்லை. கேட்கக் கசப்பாக இருக்கும் சொல்லைத் தாங்கிக்கொள்வதை அரசனின் குணமாக வள்ளுவர் இறைமாட்சி அதிகாரத்திலேயே வைத்திருக்கிறார். அமைச்சருக்குச் சொன்ன புத்தியாக வைக்கவில்லை.

தூக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரவு இரண்டு மணிக்கு ‘யூனிட் டிரிப் ஆயிடுச்சு சார்’ என்று போன் வரும் வாழ்க்கை உங்களுடையது. ஆஸ்திரேலியாவில் வில்லியம்சன், ஃபேயர் இருவரும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், 17 மணி நேரத்துக்கு மேல் விழித்திருந்தவர்களின் செயல்திறன் ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு இறங்கியது. குடித்துவிட்டு வந்தவரை கேட்டிலேயே நிறுத்துகிறோம். விடிய விடிய முழித்துவிட்டுக் காலையில் யூனிட்டை ஏற்ற உத்தரவு கொடுப்பவரைப் பாராட்டுகிறோம். உங்கள் அலுவலகத்தில் ‘அவர் தூங்கவே மாட்டார் சார், அப்படி ஒரு உழைப்பு’ என்று யாரையாவது புகழ்ந்தால், அன்றைக்கு அவர் போட்ட கையெழுத்துகளை இன்னொருவரை விட்டு ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, கையில் எடுத்துப்போக ஏதாவது கொடுங்கள் என்று அமைப்பாளர்கள் கேட்டிருக்கிறார்கள். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999இல் சொன்ன ஒரு முறை பலமுறை சோதித்து நின்றது. ‘பொறுமையாக இருப்பேன்’ என்று உறுதி எடுத்தால் வேலைக்கு ஆவதில்லை. ‘இன்னது நடந்தால் இன்னது செய்வேன்’ என்று முன்கூட்டியே எழுதிவைத்தால் பெரும்பாலும் செய்துவிடுகிறோம். அந்த நேரத்தில் யோசிக்க வேண்டியதில்லை. ஆகவே பதவியில் இருப்பவர் ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு வரி எழுதிக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் இந்தப் பகுதியின் அதிகாரிக்கு நான் எழுதித் தரும் வரி இது: ஒரு வேலைக்குப் போலீஸ் பாதுகாப்புக் கேட்டுக் கடிதம் தயாரிக்கும் நிலை வந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் நானே அந்த இடத்துக்குப் போய் ஒன்றரை மணி நேரம் உட்கார்வேன். ஆளை அனுப்ப மாட்டேன். ஜீப்பை விட்டு இறங்கி வரப்பில் நடப்பேன். பயிர் எந்த நிலையில் இருக்கிறது, எத்தனை நாளில் அறுப்பு என்று பயிரிட்டவரையே கேட்பேன்.

வடலூரில் 1867இல் வள்ளலார் தருமசாலை தொடங்கினார். பார்வதிபுரத்துக்காரர்கள் அவருக்கு எண்பது காணி நிலம் கொடுத்தார்கள். அங்கே பொக்லைனும் இல்லை, போலீஸும் இல்லை. சுரங்கத்தையும் அன்னசாலையையும் ஒன்றாக்க முடியாது என்று எனக்குத் தெரியும். இந்த மண்ணின் ஜனங்கள் நிலம் கொடுக்கவே மறுப்பவர்கள் என்று மட்டும் இனி யாரும் சொல்ல வேண்டாம். நெய்வேலியே நிலம் கொடுத்தவர்களின் மேல்தான் நிற்கிறது. இந்த நகரியத்தின் வட்டங்களில் குடியிருப்பவர்களில் சிலருடைய தாத்தாக்களும் அவர்களில் உண்டு.

இங்கே முன்வரிசையில் திட்டமிடல் பிரிவில் வேலை பார்க்கும் பொறியாளர்கள் இருப்பதாகச் சொன்னார்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் போடும் வேலை அட்டவணையில் டெண்டர் தேதி இருக்கிறது, இயந்திரம் வரும் தேதி இருக்கிறது, மழை தொடங்கும் மாதம் இருக்கிறது. அடுத்த அட்டவணையில் இன்னொரு கட்டம் சேர்த்துக்கொள்ளுங்கள்: அந்த நிலத்தில் நாற்று விட்ட தேதி, அறுப்புத் தேதி. வேலையை அந்தத் தேதிக்குப் பின்னால் தள்ள முடியாது என்றால், மேலதிகாரிக்கு அதை எழுத்தில் தெரிவியுங்கள். அப்படி ஒரு கடிதம் வந்தால் எழுதியவரைக் கூப்பிட்டுக் கடிந்துகொள்ளாமல் உட்கார வைத்துக் கேளுங்கள் என்று மேலதிகாரிகளையும் இந்த மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன்.